முகம் நீக்கிய படம்

நகரி
4 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் பிரமிளாவுக்கு நைனா எழுதுவது.

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். போன மாதம் உனக்குப் பிடித்திருந்த இருமல் விட்டதா? தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. முப்பது வருஷம் பவர்லூம் பக்கத்தில் நின்ற காது. போனும் அம்மா கையில்தான் இருக்கிறது. அதனால் வழக்கம்போல் எழுதுகிறேன். இதில் இருப்பதை அம்மாவிடம் பேசாதே. கிஷோரிடமும் வேண்டாம். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உன் அண்ணன் ஒன்றுக்குப் பத்தாகப் பதறுவான்.

உன் அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை. ஆறு மாதமாகப் பார்க்கிறேன். சித்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. ஞாபகத்துக்கான இடம் வயதுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறது, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். அம்மாவுக்கு இது தெரியாது. தலைவலிக்கு எடுத்த படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ திருப்பதியில் இதைத்தானே செய்கிறாய்? ஆண் மூளை, பெண் மூளை அளக்கிறோம் என்று சொன்னாயே. நீ பார்த்துச் சொன்னால் நம்புவேன். நோய் என்றால் ஓடுகிற தறி பக்கத்தில் நிற்க விடக் கூடாது, ஷெட்டை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். இல்லை என்றால் தீபாவளி ஆர்டரை ஒப்புக்கொள்ளலாம். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

எதிர்வீட்டு லோகேஸ்வரன் பெண்ணுக்குக் குப்பம் ஊரில் இருக்கிற யூனிவர்சிட்டியில் சீட் கிடைத்திருக்கிறது. தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நைனா
தனசேகர்


திருச்சானூர்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நைனா,

இருமல் போய்விட்டது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்று இரண்டு பேருக்கு ஸ்கேன் இருந்தது. முடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். முதல் தரம் படித்ததில் ஒன்றும் தலையில் ஏறவில்லை.

அம்மாவிடம் தினமும் பேசுகிறேன். என் பழைய ரூம்மேட்டின் அண்ணனுக்கு எந்த ஊரில் பெண் பார்த்தார்கள் என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இல்லை. ஆனால் பத்து நிமிஷப் பேச்சில் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன்: எவை மறந்துபோகின்றன? எப்போது முதல் கவனித்தீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

இன்னொன்று. எம்.ஆர்.ஐ. என்பது ஒரு பெரிய காந்தம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பார்கள். தாலியைக் கழற்ற அம்மா எப்படி ஒப்புக்கொண்டாள்? மெட்டி? கிஷோர் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் சோப்பு போட்டு இழுத்தும் அது வரவில்லை என்று கதை சொல்வாளே. எப்படிக் கழன்றது?

விநாயகர் சதுர்த்திக்கு வருகிறேன். சி.டி.யையும் ரிப்போர்ட்டையும் எடுத்து வையுங்கள், தபாலில் அனுப்ப வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பிரமிளா


நகரி
20 ஆகஸ்ட் 2024

பிரமிளாவுக்கு நைனா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். மழை இரண்டு நாள் பெய்து விட்டது.

நீ கேட்டதை எழுதுகிறேன். மயில்கழுத்து நிறத்தில் ஓட வேண்டிய சேலைக்குப் பச்சை நூல் போட்டாகிவிட்டது. திலீப்தான் பார்த்து மோட்டாரை அணைத்தான். "இன்னா இது, எலெக்ஷன் வருதா? கலரு மாறிக்கினே போவுது" என்று சிரித்தான். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் வாய் அப்படித்தான்.

நூல் வாங்கப் புத்தூர் போனபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு கால் மணி நேரம் அப்படியே நிற்க வேண்டியதாகிவிட்டது. பஸ் போர்டு படிக்க முடிகிறது. தெலுங்கும் படிக்க முடிகிறது, தமிழும் படிக்க முடிகிறது. ஆனால் எந்த ஊருக்கு வந்தோம், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது மட்டும் இல்லை. பல் விழுந்த இடத்தில் நாக்குப் போய்ப் போய் வருகிற மாதிரி இருந்தது. யாரையாவது கேட்கலாம் என்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்புறம் தானாக வந்துவிட்டது.

நீ செய்யும் வேலையைப் பற்றி ஷெட்டில் பேச்சு வந்தது. "பொம்பளங்களுக்கு மூளை சின்னதுன்னு உன் பொண்ணே அளந்து சொல்றாளாமேக்கா" என்று திலீப் அம்மாவைச் சீண்டினான். "உன்னுது பெருசா இருந்து இன்னாடா ஆச்சு? நூலு அறுந்து அரை மணி நேரமா ஓடிக்கினு கீது, கண்ணுல பட்டுச்சா?" என்றாள். அவன் நூலை முடிச்சுப் போட ஓடினான்.

ஒரு விசேஷம். லோகேஸ்வரன் பெண்ணுக்குக் குப்பத்தில் யூனிவர்சிட்டியில் சீட் கிடைத்திருக்கிறது.

நைனா


திருச்சானூர்
10 செப்டம்பர் 2024

அன்புள்ள நைனா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கொழுக்கட்டையை ரூமில் பங்கு போட்டுத் தீர்த்தாயிற்று.

இரண்டு நாளும் அம்மாவை வேவு பார்த்தேன். சாவியைத் தேடினாள், இடுப்பில் இருந்தது. என்னைக் கிஷோர் என்று கூப்பிட்டாள், நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். எது நோய், எது அம்மா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நேற்று என்ன சமைத்தாய், போன வாரம் யார் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடி, வந்ததுலேர்ந்து என் மூஞ்சியயே பாத்துக்கினு கீற? போலீஸ்காரன் மாதிரி கேள்வி வேற. மாப்ள கீப்ள பாத்து வெச்சிக்கினு சொல்ல வராம சுத்தறயா?" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். காதில் விழுந்து சிரித்தீர்களா, என் முகத்தைப் பார்த்தா, தெரியவில்லை.

மெட்டி காலில் பழைய இடத்தில்தான் இருக்கிறது. திரும்பப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. போட முடிந்ததே பெரிய காரியம்.

உங்கள் காது முன்பைவிட மோசமாகியிருக்கிறது. எந்த பஸ்ஸில் வந்தாய் என்று மூன்று தரம் கேட்டீர்கள். மூன்று தரமும் பக்கத்தில் வந்து கத்தித்தான் சொன்னேன். அடுத்த தடவை காது மெஷினுக்கு அளவு எடுக்கலாம், தட்டிக்கழிக்காதீர்கள்.

படங்கள் என் மேஜையில் இருக்கின்றன. இந்த வாரம் ஸ்கேன் அதிகம். முடித்துவிட்டு உட்காருகிறேன்.

பிரமிளா


திருச்சானூர்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள நைனா,

நீங்கள் சுகம்தானே? இதை உட்கார்ந்து படியுங்கள். நல்ல சேதி.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைக் கவனித்தீர்களா? பெயர் தனசேகர், வயது அறுபத்து மூன்று, ஆண் என்று இருக்கிறது. குடும்ப ஹெல்த் கார்டு உங்கள் பெயரில் இருப்பதால் கவுண்ட்டரில் கார்டை வாங்கிக் குடும்பத் தலைவரையே பதிந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் இது தினமும் நடக்கிறது. போன மாதம் எங்களிடம் ஒரு பாட்டி தன் புருஷனின் மீசை வைத்த போட்டோவோடு பதிவாகி வந்தார்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். ஞாபகத்துக்கு வேண்டிய பகுதி இரண்டு காதுக்கும் உட்பக்கம் ஒவ்வொன்று, சுண்டுவிரல் அளவில் இருக்கிறது. அதை அளந்து, அதே வயது ஆட்கள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் இவர் எங்கே நிற்பார் என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சராசரியில் ஆண்களின் மூளை பத்தில் ஒரு பங்கு பெரியது. உடம்பு பெரியது, தலை பெரியது, அவ்வளவுதான். யாருக்குப் புத்தி அதிகம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்று திலீப்பிடம் சொல்லுங்கள். அம்மாவை ஆண்கள் வரிசையில் நிறுத்தியதால் கடைசியிலிருந்து நாலாவதாகப் போய்விட்டாள். பெண் என்று மாற்றி, அவள் வயதைப் போட்டேன். இருபதாவது. அது சாதாரணம். பயப்பட ஒன்றுமில்லை.

நான் எப்படி அளந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபில் எந்தப் படம் வந்தாலும் முதலில் பெயரை எடுத்துவிடுவோம், பிறகு முகத்தை அழித்துவிடுவோம். எம்.ஆர்.ஐ.யில் மூக்கு, உதடு, தாடை எல்லாம் பதியும். "நாம அளக்கறது யாரோட மூளைன்னு நமக்கே தெரியக்கூடாது, ஆணா பெண்ணான்னுகூடத் தெரியக்கூடாது" என்பது எங்கள் அலர்மேல் மேடத்தின் சட்டம். தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடுமாம். அம்மாவின் படத்துக்கும் அப்படியே செய்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அளந்திருக்க முடியாது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. தலையின் மொத்த அளவையும் சேர்த்துத் திருத்துவது. அதற்கு லேபில் கம்ப்யூட்டர் கிடைக்க வேண்டும், அடுத்த மாதம் போடுகிறேன். நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தீபாவளி ஆர்டரை ஒப்புக்கொள்ளுங்கள்.

பிரமிளா


திருச்சானூர்
5 அக்டோபர் 2024

அன்புள்ள நைனா,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதம் வந்ததா? பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அம்மாவிடம் கேட்டால், "உங்கப்பன் நல்லாத்தான் கீறாரு, துன்றாரு, தூங்கறாரு. பேச்சுதான் கொறஞ்சிக்கினு போவுது" என்கிறாள். ஆர்டர் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. ஒரு வரி போடுங்கள்.

பிரமிளா


நகரி
10 செப்டம்பர் 2024

பிரமிளாவுக்கு நைனா எழுதுவது.

நீ எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன. சந்தோஷம். எனக்கு ஒன்றுமில்லை. வெயில் குறைந்திருக்கிறது.

ஆர்டரை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. திலீப் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஒரு விஷயம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சென்டர்காரர்கள் எழுதியது தப்பில்லை என்று வைத்துக்கொள். அது ஆணுடைய தலைதான் என்றால் நீ என்ன சொல்லியிருப்பாய்? உனக்குத் தெரியாத யாரோ ஒரு ஆள், அறுபத்து மூன்று வயது. மழுப்பாமல் எழுது.

லோகேஸ்வரன் பெண்ணுக்குக் குப்பத்தில் சீட் கிடைத்திருக்கிறது. தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்கள்.

நைனா


திருச்சானூர்
17 அக்டோபர் 2024

அன்புள்ள நைனா,

கடிதம் கண்டு நிம்மதி. நான் நலம். செப்டம்பர் என்று தேதி போட்டிருக்கிறீர்கள். ஷெட் காலண்டரை யாரும் கிழிப்பதில்லையா?

நீங்கள் கேட்டதற்குப் பதில். தெரியாத ஒரு ஆள், அறுபத்து மூன்று வயது, நூறு பேரில் கடைசியிலிருந்து நாலாவது. நூல் நிறம் மாறுகிறது, பஸ் ஸ்டாண்டில் ஊர் மறக்கிறது. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால், தறி பக்கம் அனுப்பாதீர்கள், அடுத்த பஸ்ஸில் ஏற்றித் திருப்பதிக்கு அழைத்து வாருங்கள் என்று எழுதியிருப்பேன். வீட்டு ஆட்களிடம் உடனே சொல்லுங்கள் என்றும் எழுதியிருப்பேன், ஏனென்றால் இந்த மாதிரி ஆட்கள் மறைப்பார்கள். நல்லவேளை, அம்மா பெண்ணாகப் பிறந்தாள்.

லோகேஸ்வரன் பெண் சீட் வாங்கியதை மூன்றாவது தரமாக எழுதுகிறீர்கள். நான் இன்னும் படிப்பை முடிக்கவில்லை என்று குத்துகிறீர்களா? அடுத்த வருஷம் முடித்துவிடுவேன்.

பிரமிளா


திருச்சானூர்
26 அக்டோபர் 2024

அன்புள்ள நைனா,

எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கமாகக் கேட்பதைப் போல இன்று கேட்க முடியவில்லை.

நேற்றுப் பாக்கியிருந்த கணக்கைப் போட்டேன். தலையின் மொத்த அளவு பெரியதாக வந்தது. பெண்ணுக்கு இவ்வளவு பெரிய தலையா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் எங்கள் ஆய்வில் பெரிய தலைப் பெண்களும் இருக்கிறார்கள், சின்னத் தலை ஆண்களும் இருக்கிறார்கள். அதை வைத்து யாரென்று சொல்ல முடியாது என்று நாங்களே ஊருக்குச் சொல்கிறோம். அதனால் அதையும் தாண்டிப் போகப் பார்த்தேன். அப்போது மெட்டி ஞாபகத்துக்கு வந்தது. நான் கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை.

உங்கள் சி.டி.யை மறுபடி போட்டேன். முகம் அழிக்காத படத்தைத் திறந்தேன். பக்கவாட்டில் ஒரு முகம் வந்தது. நெற்றி, மூக்கு, உதடு. மூக்கின் நடுவில் மேடு. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டை தெறித்து உடைந்த மூக்கு. சைக்கிளில் உங்களை உட்கார வைத்துத் திலீப் தள்ளிக்கொண்டு போனான், நான் பின்னால் ஓடினேன். அந்த மூக்கு.

உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்றவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதினால் அப்படி இருக்காது. பல் விழுந்த இடம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நல்ல உவமை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். எந்த பஸ் என்று மூன்று தரம் கேட்டபோது உங்களுக்குக் காது கேட்டிருக்கிறது. நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கின் முடிவையும் மழுப்பாமல் எழுதுகிறேன். தலை அளவோடு சேர்த்துத் திருத்தினால் ஆண் என்று போட்டாலும் பெண் என்று போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வருகிறது. குறைவாகத்தான் இருக்கிறது. இரண்டு வருஷமாக நாங்கள் கண்டதே இதுதான், தலை அளவைக் கணக்கில் எடுத்துவிட்டால் ஆண் பெண் என்பதற்கு அங்கே பெரிய வேலை இல்லை. அதை நானே மறந்துவிட்டு, ஆணைப் பெண்ணாக மாற்றி உங்களுக்கு நோய் இல்லை என்று எழுதிவிட்டேன். மேடத்திடம் சொன்னேன். திட்டவில்லை. "சொந்தக்காரா படத்த அளக்கப்படாதுன்னு ஒரு சட்டம் போடாம விட்டது என் தப்பு" என்றார்.

படம் மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. ரத்தத்தில் பி12, தைராய்டு பார்க்க வேண்டும், காதைப் பார்க்க வேண்டும். நவம்பர் 12ஆம் தேதி இங்கே நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் வருகிறேன். அதுவரை ஓடுகிற தறி பக்கம் போகாதீர்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிரமிளா


நகரி
18 நவம்பர் 2024

அன்பு மகள் பிரமிளாவுக்கு நைனா எழுதுவது.

டாக்டர் சொன்ன பி12 ஊசியை இங்கேயே போட்டுக்கொள்கிறேன். மாத்திரையை அம்மா எடுத்துக் கொடுக்கிறாள். அதைத் தவிர சுகம். பஸ்ஸில் வந்து இறங்கும்போது உனக்குத் தலை சுற்றியதே, சரியாகிவிட்டதா?

ஏன் அம்மா பெயரில் எழுதினேன் என்று நீ வந்தபோதும் கேட்கவில்லை, திருப்பதியிலும் கேட்கவில்லை. எனக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை உன் அம்மாவுக்கு என்று எழுதிவிட்டது. அப்புறம் அதையே பிடித்துக்கொண்டேன். எனக்கு என்றால் நீ அன்றைக்கே பஸ் ஏறி வந்து தறியை நிறுத்தியிருப்பாய். நோய் இல்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது, இவள் எனக்குப் புரியும்படி எழுதியிருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. ஆண் என்றால் நாலாவது என்பதும் புரிந்தது.

அம்மாவிடம் நீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். காதுப் பக்கம் வந்து கத்திப் பேசினாள், திலீப்புக்கும் கேட்டிருக்கும். "சித்தூருக்குத் தலைவலின்னு போனப்பவே தெரியும். தலைவலின்னா நீ தைலம் தேச்சிக்கினு படுப்ப, பஸ் ஏறுவயா?" என்றாள். உனக்கு அவள் பெயரில் எழுதியதையும் சொன்னேன். "எனக்கு மறதின்னு எழுதிக்கினு நீ மறந்துக்கினு இருந்தயா? நல்ல ஆளுய்யா நீ" என்று சிரித்தாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். எனக்குக் கேட்கவில்லை, முதுகைப் பார்த்தேன்.

ஷெட்டை அவள் பார்த்துக்கொள்கிறாள். பொங்கல் ஆர்டரை ஒப்புக்கொண்டுவிட்டாள், என்னைக் கேட்கவில்லை. நான் ஓரமாக உட்கார்ந்து நூல் சுற்றுகிறேன். நிறத்தை அவள் எடுத்து வைத்துவிட்டுப் போகிறாள். திலீப் இப்போதெல்லாம் என்னைச் சீண்டுவதில்லை. அது ஒன்றுதான் பிடிக்கவில்லை. அடுத்த தடவை வரும்போது அவனிடம் சொல்.

லோகேஸ்வரன் பெண்ணைப் பற்றி ஒன்று எழுத நினைத்தேன். அது எழுதியாயிற்று என்று அம்மா சொல்கிறாள். மேலே இருக்கிற தேதியும் அவள் போட்டதுதான்.

நைனா
தனசேகர்